‘லா மிஸ்மா லூனா’ (2007): ரொசாரியோ ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை?

#1 பின்வரிசை பெஞ்ச்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு மெக்சிகன் படம் பார்த்தேன். பட்ரீசியா ரிகன் என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளக் கதைப்படம். 2007 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டி, 2008 மார்ச்சில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்திருக்கிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். பார்க்காதவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

ரொசாரியோ நான்கு வருடமாக லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுவேலை செய்கிறாள். அங்கே தங்குவதற்கு அனுமதிக் காகிதம் எதுவும் கையில் கிடையாது. ஒன்பது வயது மகன் கார்லிட்டோஸ் மெக்சிகோவில் பாட்டியோடு இருக்கிறான். ஞாயிறு காலை பத்து மணி ஆனால் ஒரு தெருமுனைத் தொலைபேசியிலிருந்து அவள் கூப்பிடுவாள். எங்கே நின்று பேசுகிறாய் என்று பையன் கேட்பான். பீட்சா கடை, சலவைக்கடை, சுவரோவியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவனுக்கு அதெல்லாம் மனப்பாடம். ஒரு நாள் பாட்டி தூக்கத்திலேயே போய்விடுகிறார். பையன் சேர்த்துவைத்த காசை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிக் கிளம்பிவிடுகிறான். நம் ஊரில் "பிள்ளையார் கோவில் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்" என்று வழி சொல்வோமே, கடைசியில் அவனுக்குக் கைகொடுப்பதும் அந்த மாதிரி அடையாளங்கள்தான்.

நன்றாக அழுதேன். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவில்லையே, ஏன்? பக்கத்து நாடுதானே? கடைசியில் அவளே மெக்சிகோ பஸ்ஸில் ஏறுகிறாள். ஏற முடியும் என்றால் முன்பே ஏறியிருக்கலாமே?

#2 ரீல்பெட்டி

உங்கள் சந்தேகம் இருக்கட்டும், எனக்குப் படத்தின் மேலேயே புகார் இருக்கிறது. வழியில் அந்தப் பையனுக்கு நடக்கும் ஒவ்வொரு கெட்டதுக்கும் பத்து நிமிடத்தில் ஒரு நல்லது தயாராக நிற்கிறது. பஸ் நிலையத்தில் போதைக்காரன் ஒருவன் அவனை விற்கப் பார்க்கிறான், உடனே ஒரு நல்ல பெண் வந்து காப்பாற்றுகிறாள். சாலையில் கை காட்டினால் நிற்பது யாருடைய வண்டி? லாஸ் டிக்ரெஸ் டெல் நோர்த்தே இசைக்குழுவினர், நிஜத்திலேயே பெரிய நட்சத்திரங்கள், வண்டிக்குள் பாட்டும் பாடுகிறார்கள். ஓடிப்போன அப்பா அரிசோனாவின் டூசான் நகரில் வசதியாக அகப்படுகிறார். ஒன்பது வயதுப் பிள்ளை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போகிற கதையை இவ்வளவு இனிப்பாகவா எடுப்பது?

ஒரே ஒரு மனிதனை மட்டும் மன்னிக்கிறேன். பையனோடு வழியில் சேர்ந்துகொள்ளும் என்ரிக்கே. அந்த வேடத்தில் நடித்த எவ்ஹேனியோ டெர்பெஸ் மெக்சிகோவில் டிவி காமெடிக்காரராகப் பேர் வாங்கியவர். இதில் சிரிக்க மறுக்கிறார். பையனைத் தொல்லை என்று விரட்டிக்கொண்டே வருபவன், கடைசியில் போலீஸ்காரர் மேல் காபியை ஊற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொள்கிறான், பையன் ஓடிவிடுகிறான். அந்த ஒரு காட்சியில் யாரும் வசனம் பேசிக் கெடுக்கவில்லை.

#3 வரிசையில் நிற்பவன்

பெஞ்ச், உங்கள் கேள்விக்கு விடை படத்தில் கிடையாது. 1996-ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் பச்சை அட்டைக்காக, அதாவது நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்காக, பன்னிரண்டு வருடமாகக் காத்திருப்பவன். இந்தச் சட்டங்களை ராத்திரிப் பாராயணம் மாதிரி படித்துவைத்திருக்கிறேன்.

அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியே போனால் 3 வருடம் திரும்ப வரத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் 10 வருடம். அந்தத் தடை எப்போது விழுகிறது என்பதுதான் விசேஷம். உள்ளே இருக்கும்வரை விழாது, நாட்டைவிட்டுக் கிளம்பும் நிமிடத்தில் விழும். தடையை மீறித் திருட்டுத்தனமாக மறுபடி நுழைந்தால் நிரந்தரத் தடை, மன்னிப்புக் கேட்பதற்கே பத்து வருடம் வெளியில் இருக்க வேண்டும். ஆக ரொசாரியோ பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு வாரம் போனாலும் கதை முடிந்தது. கடைசியில் அவள் ஏறும் பஸ், நான்கு வருட உழைப்பை மொத்தமாக விட்டுவிட்டு ஏறும் பஸ். படம் அதைச் சொல்லாததால் ஏதோ ஊருக்குப் போகிற பஸ் மாதிரி தெரிகிறது.

இன்னொன்று. அவளை விரும்பும், காகிதம் உள்ள பாகோவைக் கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோழி நச்சரிக்கிறாளே, அது தப்பு. படத்தின் முதல் காட்சியிலேயே ரொசாரியோ ராத்திரியில் ஆற்றைக் கடந்து வருகிறாள். சோதனைச்சாவடி வழியாக வராதவர்கள் கல்யாணம் செய்தாலும் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே பச்சை அட்டைக்கு மாற முடியாது. அபராதம் கட்டி மாறிக்கொள்ள ஒரு சலுகை இருந்தது, 2001 ஏப்ரல் 30-க்குள் மனு போட்டவர்களோடு அது மூடப்பட்டது. மற்றவர்கள் விசா நேர்காணலுக்கு மெக்சிகோ போக வேண்டும். போனால்? மேலே சொன்ன பத்து வருடம். கணவன் தாங்க முடியாத கஷ்டத்துக்கு ஆளாவான் என்று நிரூபித்து விலக்குக் கேட்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் அதையும் வெளியே போன பிறகுதான் கேட்க முடியும். உள்ளே இருந்தபடி முன்கூட்டியே விலக்குக் கேட்கும் வசதி 2013-ல்தான் வந்தது.

அந்த நேர்காணல் எந்த ஊரில் நடக்கிறது தெரியுமா? மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரஸில். கார்லிட்டோஸ் காருக்குள் ஒளிந்து அமெரிக்க எல்லையூரான எல் பாசோவுக்குள் வருகிறானே, அந்தப் பாலத்தின் மறுகரை.

#4 நேர்வழி

எல்லாம் சரி. ஆனால் நாமெல்லாம் படித்து, விசா வாங்கி, வரிகட்டி வரிசையில் நிற்கவில்லையா? அவர்கள் மட்டும் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டால் படம் எடுத்து அழவேண்டுமா? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

#5 வரிசையில் நிற்பவன்

நேர்வழி, நான் நிற்கும் வரிசை நீளம்தான். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. ரொசாரியோவுக்கு எந்த வரிசை? வீட்டுவேலை, தோட்டவேலை மாதிரி அதிகப் படிப்பு கேட்காத வேலைகளுக்கு வருடத்துக்குச் சட்டப்படி 10,000 பச்சை அட்டை, உலகம் முழுவதுக்கும் சேர்த்து, குடும்பத்தாரையும் எண்ணி. 1997-ல் வந்த இன்னொரு சட்டம் அதிலும் 5,000 வரை வெட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு முதலாளி மனுப்போட வேண்டும். இவளுடைய முதலாளியம்மா ஒருத்தி சம்பளப் பாக்கியைக்கூடக் கொடுக்காமல் வேலையைவிட்டு நிறுத்துகிறாள், போலீஸைக் கூப்பிடவா என்று வேறு மிரட்டல். அவளா மனுப்போடுவாள்?

#6 நேர்வழி

அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனது அவள் எடுத்த முடிவு. அதற்கும் எல்லையைக் குற்றம் சொல்ல முடியாது.

#7 எல் பாசோ வாசி

நான் எல் பாசோவில் படித்தவன், ஆறு வருடம் இருந்தேன். எல்லை என்றதும் நீங்கள் என்ன கற்பனை செய்கிறீர்களோ தெரியாது. எல்லை ஆற்றுக்கு ரியோ கிராண்டே என்று பெரிய பெயர், ஊருக்குள் அது கான்கிரீட் வாய்க்கால். பல்கலைக்கழக வளாகத்தில் நின்றால் எதிரே ஹுவாரஸ் வீடுகளின் தண்ணீர்த்தொட்டிகூடத் தெரியும். அந்தப் பக்கத்து மலையில் "பைபிளே உண்மை, அதைப் படி" என்று ஸ்பானிஷில் வெள்ளையாக எழுதியிருக்கும், அதை இந்த நாட்டிலிருந்தே வாசிக்கலாம். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அமெரிக்காவை "எல் ஓத்ரோ லாதோ" என்பார்கள். அந்தப் பக்கம், அவ்வளவுதான். எதிர்த்தெருவைச் சொல்கிற மாதிரி.

நேர்வழி, "முடிவு" என்கிறீர்களே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஹுவாரஸ் பெண்கள் காலையில் வாய்க்காலைத் தாண்டி வந்து எல் பாசோ வீடுகளில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதம் அன்றும் கிடையாதுதான், ஆனால் போக்குவரத்து இருந்தது. 1993 செப்டம்பரில் எல்லைக் காவலர் சுமார் 400 பேரை ஆற்றோரமாக வரிசையாக நிறுத்தினார்கள். அடுத்த வருடம் சான் டியாகோ பக்கம் அதே வேலை. நகரத்து வழிகள் அடைபட்டதும் ஆட்கள் அரிசோனா பாலைவனம் பக்கம் நகர்ந்தார்கள், கோயோட்டே என்று அழைக்கப்படும் ஆள்கடத்தல்காரர்களின் கூலி ஏறியது, வெயிலில் செத்தவர்கள் அதிகமானார்கள். டக்ளஸ் மாசி என்ற சமூகவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னார். காவலை இறுக்கியதால் வருகிறவர்கள் நின்றுவிடவில்லை, திரும்பிப் போகிறவர்கள்தான் நின்றார்கள். இவ்வளவு செலவும் ஆபத்தும் பட்டு வந்தபின் எவன் தீபாவளிக்கு ஊருக்குப் போவான், அதாவது அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு?

அதற்கும் முன்னே, 1942 முதல் 1964 வரை, அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோ ஆண்களைத் தோட்டவேலைக்கு அழைத்தது. அறுவடை முடிந்தால் ஊர் திரும்புவார்கள். ரொசாரியோவின் தாத்தா காலத்தில் இந்தப் படத்தை எடுத்திருந்தால் ஒரு பருவத்தில் முடிந்திருக்கும்.

#8 ரீல்பெட்டி

இது புதிதாகத் தெரிகிறது. என் புகாரை வாபஸ் வாங்கமாட்டேன், ஆனால் திருத்திக்கொள்கிறேன். தற்செயல்கள் அதிகம் என்பதைவிட, அவளை அங்கே கட்டிப்போட்டிருப்பது எது என்பதைப் படம் காட்டவில்லை என்பதுதான் குறை. வில்லனாக ஒரு பணக்கார முதலாளியம்மாவைக் காட்டினால் பார்வையாளனுக்குச் சௌகரியம். 180 நாள் கணக்கை எந்த நடிகர் நடிப்பது?

#9 இட்லிக்கடை இன்டர்நெட்

2018-க்குப் பிறகு இந்தப் படம் வேறு மாதிரி தெரியவில்லையா? இதில் அம்மாவும் பிள்ளையும் பிரிந்தது பிழைப்புக்காக. 2018-ல் சேர்ந்தே வந்தவர்களை அரசாங்கமே பிரித்தது. ஏப்ரலில் "துளியும் பொறுப்பதில்லை" என்று கொள்கை அறிவித்தார்கள். மே 5 முதல் ஜூன் 9 வரை மட்டும் 2,300-க்கு மேல் பிள்ளைகள். ஜூன் 20-ல் அதிபரே உத்தரவு போட்டு நிறுத்த வேண்டியிருந்தது, 26-ஆம் தேதி சான் டியாகோ நீதிபதி சேர்த்துவைக்கச் சொன்னார். சேர்க்கப் போனால் எந்தப் பிள்ளை யாருடையது என்பதற்கு ஒழுங்கான பதிவேடு இல்லை. கழற்றிப் போட்ட செருப்புக்குக்கூட நம் ஊர்க் கோவிலில் டோக்கன் கொடுப்பான்.

#10 இழைக் காவலர்

நண்பர்களே, 2018 பற்றித் தனி இழை இருக்கிறது. கட்சி அரசியல் அங்கே. இங்கே படத்தோடு ஒட்டிப் பேசவும். செருப்பு டோக்கன் இருக்கட்டும், அழிக்கவில்லை.

#11 கீழத்தஞ்சை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேர்வழி அண்ணன் சொன்ன "அவள் எடுத்த முடிவு" என்ற வரிக்காக எழுதுகிறேன். கோபம் இல்லை.

என் அம்மா 1994-ல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். எனக்கு ஏழு வயது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நம் அரசு வைத்த விதி. அம்மாவுக்கு இருபத்தாறு. ஏஜென்ட் பாஸ்போர்ட்டில் நான்கு வயதைக் கூட்டினார். அந்த வயதிலேயே இன்றுவரை அம்மாவின் எல்லாக் காகிதமும் ஓடுகிறது, அவருடைய அறுபதாவது பிறந்தநாளையே எந்த வருடம் கொண்டாடுவது என்று வீட்டில் சண்டை. சட்டப்படி போனவர்தான் அவர், ஆற்றைத் தாண்டவில்லை. ஆனால் இறங்கின அன்றே பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. அதனால் காகிதம் இருந்தும் அவரால் கிளம்ப முடியாது.

நான் அம்மாயி வீட்டில் வளர்ந்தேன். எங்களுக்கு ஃபோன் கிடையாது, மூன்று வீடு தள்ளி மளிகைக்கடைக்காரர் வீட்டு நம்பர்தான் பி.பி. நம்பர். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைப்பையன் ஓடிவந்து "குவைத் லைன்ல இருக்கு" என்பான். ஓடிப் போய் எடுத்தால் முதல் நிமிடம் முழுக்க மூச்சு வாங்கும், பேச்சு வராது. படத்தில் கார்லிட்டோஸ் நிதானமாகப் பேசுகிறானே, அதுதான் எனக்கு நம்பமுடியவில்லை. நடுவில் கேசட்டில் பேசி அனுப்புவோம். ஒரு பக்கம் அம்மாயி ஊர்ச்செய்தி, மறுபக்கம் நான் வாய்ப்பாடு ஒப்பிப்பேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

ஐந்து வருடம் கழித்து வந்தார். பெரிய அட்டைப்பெட்டி, அதில் டாங் பவுடர், கோடாலித் தைலம், எனக்கு எடுத்த பாவாடை. எடுத்தது போன வயதுக்கு. கூப்பிட்டார், நான் சித்தி பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று ராத்திரி சித்தி பக்கத்தில்தான் படுத்தேன். அம்மா வாசலில் படுத்துக்கொண்டார், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றார். அது மார்கழி மாதம்.

படம் தெரு சிக்னலில் முடிகிறது இல்லையா, இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் அம்மா, நடக்கலாம் என்ற விளக்கு வருகிறது, முடிந்துவிட்டது. ரீல்பெட்டிக்கு அது இனிப்பாகத் தெரியலாம். எனக்கு அந்த இயக்குநர் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர் என்று பட்டது.

#12 நேர்வழி

தங்கச்சி, தப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிடவா?

#13 கீழத்தஞ்சை

எடுக்காதீர்கள் அண்ணா, அப்புறம் நான் எழுதினது எதற்கென்று புரியாது.

#14 எல் பாசோ வாசி

சிக்னல் என்றதும் ஞாபகம் வந்தது. 2016 ஆகஸ்டில் எல் பாசோவில் ஒரு மனித உரிமை அமைப்பு இரு நாட்டு அதிகாரிகளின் ஒப்புதலோடு ஒன்று நடத்த ஆரம்பித்தது. வற்றிக் கிடந்த ஆற்றுப்படுகையின் நடுவில் பிரிந்த குடும்பங்கள் சந்தித்தன. அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நீலச் சட்டை, மெக்சிகோ பக்கத்துக்கு வெள்ளை, யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று குழப்பம் வராமல் இருக்க. ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிடம். பத்து, பதினைந்து வருடம் பார்க்காதவர்கள். பார்க்கப் போன என் நண்பன் சொன்னான், பாதிப் பேர் பேசவே இல்லையாம், முகத்தைத் தடவிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறதாம். யாரோ ஒரு கிழவர் மட்டும் மகனிடம் பல் கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

#15 வரிசையில் நிற்பவன்

யாரும் கேட்காத கணக்கு ஒன்று. படம் திரையிட்டது 2007 ஜனவரி. அப்படியானால் கார்லிட்டோஸ் 2006-க்குள் வந்துவிட்டான் என்று வையுங்கள். சிறுவயதில் வந்தவர்களுக்கு 2012 ஜூன் 15-ல் ஒபாமா அரசு நாடுகடத்தலிலிருந்து ஒரு பாதுகாப்பு அறிவித்தது. பதினாறு வயதுக்குள் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15-லிருந்து தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். நம் பையன் சில மாத வித்தியாசத்தில் தப்பிக்கிறான். பதினைந்து வயதில் மனுப்போட்டிருப்பான், வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ரொசாரியோவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆக இப்போது பையனுக்கு முப்பது நெருங்குகிறது, கையில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறான், வழியில் போலீஸ் விளக்கு மின்னினால் யாருக்கு நெஞ்சு அடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று ஆபீஸ் வேலை ஒன்றும் ஓடவில்லை.

#16 ரீல்பெட்டி

இரண்டாம் பாகத்துக்குக் கதை தயார். இதில் இனிப்பு கம்மி, நான் பார்ப்பேன்.

#17 பின்வரிசை பெஞ்ச்

கேள்வி கேட்டவன் என்ற முறையில் எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி பார்த்தேன். அந்த பஸ் காட்சியில் இந்தத் தடவை கை நடுங்கியது. ஜன்னல் வழியே தெருவோரத் தொலைபேசியைப் பார்த்ததும் பையன் எங்கே காத்திருப்பான் என்று அவளுக்குப் புரிந்து, பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடுகிறாளே, முதல் தடவை மகனுக்காக ஓடுகிறாள் என்று மட்டும் நினைத்தேன். கீழத்தஞ்சை, நீங்கள் அம்மாவோடு சேர்ந்து பார்த்தீர்களா?

#18 கீழத்தஞ்சை

இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டினேன். மொழி புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார், அடுப்பில் ஒன்றும் இல்லை.

படம் முடிந்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. "அந்தக் கெழவிக்குக் காரியம் யாரு செஞ்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அம்மாயி இறந்தது அம்மா போன மூன்றாவது வருடம். பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம், அக்ரிமெண்ட் முடியவில்லை, விடவில்லை. தகவலை வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னது நான்தான், பத்து வயதில், மளிகைக்கடையில் நின்றுகொண்டு. அதற்குப் பிறகுதான் சித்தி வீட்டுக்குப் போனேன்.

படத்தில் அதைக் காட்டவில்லை. கார்மென் என்று ஒரு அம்மா வருகிறாரே, அவர் செய்திருப்பார் என்று சொல்லிவைத்தேன்.

"அந்த ஆள் கடத்துறவளா?"

ஆமாம் என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு டிவியை அணைக்கச் சொன்னார்.